கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்



திண்டிவனத்தில் மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் வினவினார்: “ஹஜ்ரத், வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கடற்சாமந்தி பெருகிவிட்டது. வெட்டிக் குறைக்கலாமா? மரக்காணம் கடலில் விட்டுவிடலாமா?”

கடற்சாமந்தி பூவன்று, உயிர்ப்பிராணி. கொட்டும் உயிரணுக்களால் அருகிலுள்ள பவளங்களைத் தாக்கும். ஒளியும் உணவும் மிகுந்தால் பருக்கும்; சில இனங்கள் தாமே இரண்டாகப் பிரிந்து பெருகும். ஆதலால் வெட்டுவது தீர்வன்று: பிழைத்தால் இரண்டாகும், அழுகினால் தொட்டி நீரையே கெடுக்கும். கடலில் விடுவதும் தகாது. அயற்கடலின் உயிரும் அதனுடன் வரும் நோயும் நம் கரையோர உயிர்களுக்குத் தீங்காகலாம்.

பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அடைத்தவர் மீதே பொறுப்பு. எனவே மிகையான உணவைக் குறைக்கலாம், பட்டினி போடலாகாது. சிறு கல்லில் ஒட்டியிருப்பதைக் கல்லோடு எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றலாம். பராமரிக்கத் தெரிந்தவருக்கு அளிக்கலாம். பாறையில் பற்றியதைப் பிடித்து இழுக்கலாகாது. அடிப்பாகம் கிழிந்தால் இறக்கக்கூடும். அது இடம்பெயரும் இயல்புடையது. நீர் உறிஞ்சும் மோட்டாரின் வாயை மூடிவைப்பது அவசியம்.

கோமாளி மீனுக்காகவே பலர் இதை வாங்குகின்றனர். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் அம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்துள்ளது. தொட்டியில் பிறந்த கோமாளி மீன் கடற்சாமந்தியின்றியும் வாழும்.

இடமும் நேரமும் பொருளும் உண்டா என்று வாங்குமுன் எண்ணுவதே அமானிதத்தின் முதற்படி. படைப்புகளிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.