பீரங்கியும் காஸ்ட் அக்கவுண்டிங்கும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு விமான எதிர்ப்புப் பீரங்கியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இல்லாத ஒரு நல்ல கணக்கு இதில் இருக்கிறது.

முதலில், விமானத்தைச் சுடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? 3 கிலோமீட்டர் தள்ளி, நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் ஒன்று பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு அங்கே போய்ச் சேர எப்படியும் 3 நொடியாவது ஆகும். அதற்குள் விமானம் 600 மீட்டர் தாண்டிப் போயிருக்கும். ஆக, அது இருக்கிற இடத்தைச் சுட்டுப் பயனில்லை, இருக்கப்போகிற இடத்தைச் சுட வேண்டும். வெறும் கண்ணால் ஆகிற காரியமா இது? 1941 டிசம்பர் 10 அன்று மலேயாவுக்குக் கிழக்கே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 800 பேருக்கு மேல் செத்தார்கள். கப்பலில் பீரங்கிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் தாக்குதலில் ஜப்பான் இழந்தது மூன்றே விமானங்கள். (அந்த ஊர் வெக்கையில் குண்டுகள் கெட்டுப்போய், சுடும்போதே பீரங்கிகள் சிக்கிக்கொண்டது தனிச் சோகம்.)

பிறகு ரேடாரும் கணிப்பொறியும் துணைக்கு வந்தன. ஜெர்மனியின் கெபார்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெபர்ட் 1 டாங்கியின் உடம்பு, மேலே இரண்டு 35 மில்லிமீட்டர் பீரங்கிகள், நிமிடத்துக்கு 1,100 குண்டுகள். ஒரு ரேடார் தேடும், இன்னொன்று விடாமல் துரத்தும். எனக்கு ரொம்பப் பிடித்தது குழலின் வாயிலேயே இருக்கும் ஒரு கருவி. வெளியே போகிற குண்டின் வேகத்தை அளந்து கணிப்பொறிக்குச் சொல்லிவிடும். குழல் தேயத் தேய வேகம் மாறுமே, அதற்காக!

1970களில் படையில் சேர்ந்த கெபார்டுக்கு 2010இல் ஜெர்மனி ஓய்வு கொடுத்துவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், டிப்ரிஸியேஷன் முடிந்து புத்தக மதிப்பு பூஜ்யம்.

2022இல் அதே கிழட்டு வண்டி யுக்ரேனுக்குப் போனது. அங்கே ரஷ்யா ஏவிய ஷாஹெத் ட்ரோன்கள் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூட எட்டாத ஆமைகள். விலை சில பத்தாயிரம் டாலர்கள் என்கிறார்கள். அதை வீழ்த்த 30 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள பேட்ரியட் ஏவுகணையை விட்டால், குறி தப்பாவிட்டாலும் நஷ்டம் நமக்குத்தான். கெபார்டோ சில குண்டுகளில் வேலையை முடித்துவிடும்.

அப்படியானால் ஏவுகணையே வேண்டாமா? வேண்டும். கெபார்டின் குண்டு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. ஒரு மின் நிலையத்தைக் காக்கலாம், ஊர் முழுவதையும் காக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜெர்மனியிடம் இருந்த குண்டுகள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. நடுநிலைச் சட்டத்தைக் காட்டி, அவற்றை யுக்ரேனுக்குத் தரக்கூடாது என்று சுவிஸ் அரசு மறுத்துவிட்டது. கடைசியில் ரைன்மெட்டால் நிறுவனம் ஜெர்மனியிலேயே புதிதாக உற்பத்தி தொடங்க வேண்டியதாயிற்று. 2023இல்தான் அந்தக் குண்டுகள் யுக்ரேனுக்குப் போய்ச் சேர்ந்தன.