ஓடும் லிஃப்ட்டும் திறந்த கதவும்

ஒரு லிஃப்ட்டுக்கு நிரல் எழுதச் சொன்னால், புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் முதலில் இரண்டு பூலியன் மாறிகளைத்தான் அறிவிப்பார். ஒன்று, லிஃப்ட் ஓடுகிறதா? மற்றது, கதவு திறந்திருக்கிறதா? பார்க்க எளிமைதான். ஆனால் இரண்டு பூலியன் என்றால் நான்கு சேர்க்கைகள். கதவை மூடிக்கொண்டு நிற்கலாம், திறந்துகொண்டு நிற்கலாம், மூடியபடி ஓடலாம். நான்காவது? கதவைத் திறந்துபோட்டு ஓடுவது! அதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நிரலில் அதற்கு இடம் இருக்கிறது. 'பழுது' என்று மூன்றாவது மாறியைச் சேர்த்தால் சேர்க்கைகள் எட்டாகிவிடும்.

இதைத் தடுக்க அங்கங்கே இஃப் போட வேண்டும். பத்து இடத்தில் போட்டுவிட்டு பதினோராவது இடத்தில் மறந்தால் போச்சு.

இது வெறும் வகுப்பறைக் கவலை இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை எந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தும் போனார்கள். அந்த எந்திரத்துக்கு இரண்டு முறைகள். எலக்ட்ரான் முறையில் கற்றை வலுக் குறைவாக நேரே உடலில் படும். எக்ஸ்ரே முறையில் கற்றை பல மடங்கு வலுவானது, அதனால் நடுவில் ஓர் உலோக இலக்கு இருந்தே ஆகவேண்டும். 1986-இல் டெக்சாஸில் நடந்த விபத்துகளில், எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டியதை எலக்ட்ரான் என்று சட்டென்று திருத்தினார்கள். காந்தங்களைச் சரிசெய்ய எந்திரம் எடுத்துக்கொண்ட சுமார் 8 விநாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், மென்பொருளின் ஒரு பகுதிக்கு அது தெரியவே இல்லை. வலு எக்ஸ்ரேக்கு உரியது, நடுவில் இலக்கு இல்லை. அதாவது, இருக்கவே கூடாத அந்த நான்காவது சேர்க்கை.

தற்செயலாக, அதே 1986-இல்தான் ராபர்ட் ஸ்ட்ராம், ஷௌலா யெமினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'டைப்ஸ்டேட்' என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். ஒரு பொருளின் மேல் என்னென்ன செய்யலாம் என்பது அதன் வகையை மட்டும் பொறுத்ததில்லை, அந்த நேரத்தில் அது இருக்கும் நிலையையும் பொறுத்தது. அதைக் கம்பைலரே சரிபார்க்கட்டும் என்பதுதான் கருத்து.

இதில் முதல் படி சுலபம். ஹாஸ்கெல், ரஸ்ட் போன்ற மொழிகளில் இரண்டு பூலியனுக்குப் பதில் ஒரே டைப்பை அறிவித்து, அதற்கு மூன்றே மதிப்புகள் கொடுக்கலாம்: மூடி நிற்பது, திறந்து நிற்பது, ஓடுவது. நான்காவதை எழுத வார்த்தையே கிடையாது. நாளைக்குப் 'பழுது' என்று ஒன்றைச் சேர்த்தால், அதைக் கவனிக்காத இடங்களைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது படி, ஒவ்வொரு நிலையையும் தனி டைப்பாகவே வைப்பது. 'புறப்படு' என்ற செயல் மூடிய லிஃப்ட்டுக்கு மட்டும்தான் உண்டு. அது மூடிய லிஃப்ட்டை வாங்கிக்கொண்டு ஓடும் லிஃப்ட்டைத் திருப்பித் தரும். திறந்த லிஃப்ட்டிடம் 'புறப்படு' என்றால் நிரல் கம்பைல் ஆகாது. ரஸ்ட்டில் இன்னொரு வசதி: கைமாறிய பழைய மதிப்பை மறுபடி தொட முடியாது. ஆரம்பகால ரஸ்ட்டில் டைப்ஸ்டேட் என்றே தனி அம்சம் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. ஆனால் இந்தக் கைமாற்றும் விதியை வைத்தே இன்று அதே வேலையைச் செய்துகொள்கிறார்கள்.

அப்படியென்றால் தெராக்-25 விபத்துகளை டைப்புகளே தடுத்திருக்குமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இலக்கு உண்மையிலேயே இடத்தில் இருக்கிறதா என்பது கம்பைலருக்குத் தெரியாது. அதை சென்சார்தான் சொல்ல வேண்டும், ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும். முந்தைய மாடலான தெராக்-20-இல் இதைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டுகளே இருந்தன. மென்பொருளை நம்பி, புதிய எந்திரத்தில் அவற்றை விட்டுவிட்டார்கள்.

டைப்பால் முடிவது இவ்வளவுதான்: சோதித்தேன் என்ற சான்று கையில் இல்லாமல் கற்றையைப் போட முடியாதபடி நிரலை எழுதலாம். சோதிக்க மறந்தால், மறந்தது என்று நிரல் எழுதியவருக்கு அவருடைய மேசையிலேயே தெரிந்துவிடும். நோயாளி படுத்திருக்கும் அறையில் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.