பால் வந்தா விட்டுரு

ரெண்டு உழவு மழை பெய்தால் போதும், கரிசலில் விதைத்தது முளைக்கும் முன்னே விதைக்காதது முளைத்து நிற்கும். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற பாதையில் எங்கள் ஊர். உளுந்து, பாசி, கம்பு, பருத்தி எல்லாமே வானம் பார்த்த வெள்ளாமை. ஐப்பசியில் களையெடுப்பு தொடங்கும். களைக்குப் போன பெண்கள் பொழுது சாயத் திரும்பும்போது ஒவ்வொருத்தி மடியும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்தள்ளி இருக்கும். அத்தனையும் கீரை. கூலி தனி, மடிக்கீரை தனி. புஞ்சைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். களை போனால் அவருக்குச் சரி. காசு கொடுத்துக் கீரை வாங்குவது எங்கள் தெருவில் கொஞ்சம் வெட்கப்படுகிற காரியமாகவே இருந்தது.

அப்பத்தாவோடு களைக்குப் போக வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அவள் என்னைப் புஞ்சைக்குக் கூட்டிப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், குப்பைக்கிடங்குக்கும் படப்புக்கும் நடுவில் இருந்த துண்டு நிலத்தில் குத்தவைத்து உட்காரச் சொன்னாள். தரையோடு படர்ந்த இரண்டு செடிகளைக் காட்டினாள். இரண்டுக்கும் தண்டு சிவப்பு. இரண்டுக்கும் பொடி இலை. "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்டாள். ஒன்றைக் கிள்ளினாள். கொழுகொழுவென்ற தண்டு, 'ணக்'கென்று ஒடிந்து, வெறும் தண்ணீராகக் கசிந்தது. அது பருப்புக்கீரை. இன்னொன்றைக் கிள்ளினாள். நூல் மாதிரி மெலிந்த தண்டு. ஒடிந்த முனையில் வெள்ளைவெளேரென்று ஒரு பொட்டுப் பால் திரண்டு நின்றது. அது சித்திரப்பாலாடை.

"பால் வந்தா விட்டுரு தாயி."

அதற்கப்புறம் கொஞ்ச நாள் கண்ணில் பட்டதையெல்லாம் ஒடித்துப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். எருக்கு, கள்ளி, ஆல், அரளி என்று எதை ஒடித்தாலும் ஏதாவது ஒழுகும். அந்த ஒரு சூத்திரத்திலேயே ஊரிலுள்ள செடி எல்லாம் அடங்கிவிடும் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவளே அதை உடைத்தும் போட்டாள். குப்பைக்கிடங்கு ஓரத்தில் செழித்து நின்ற ஊமத்தையைக் காட்டி, "இதுல பால் இல்ல. தின்னா என்ன ஆகும் தெரியுமா? பைத்தியம் பிடிச்சவ மாதிரி பெனாத்திட்டே கெடப்ப. பால் இல்லாததெல்லாம் நல்லதுன்னு எவ சொன்னா?" என்றாள். அம்மான் பச்சரிசியில் பால் உண்டு, அதைப் பக்குவம் தெரிந்தவர்கள் சமைப்பதும் உண்டு. ஆனால் அது எனக்கான பாடம் இல்லை என்று தள்ளி வைத்துவிட்டாள்.

புஞ்சைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் ஏன் அவ்வளவு நிதானம் காட்டினாள் என்று தெரிந்தது. பண்ணைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பங்காட்டில் வெள்ளையும் ரோஜாவுமாகக் கதிர் விட்டு நிற்கும்போது எந்தப் பட்டணத்துக்காரரும் அதை அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் அப்போது அது சமையலுக்கு ஆகாது, நாராக இருக்கும். கீரையாகப் பறிக்க வேண்டியது அது பூப்பதற்கு வெகுநாள் முன்னே, நாலு விரல் உயரத்தில், பச்சைக் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நிற்கும்போது. எல்லா மழைக்கீரைக்கும் இதே வம்புதான். அதனால் அப்பத்தா ஒரு வேலை செய்தாள். பொழியோரம் ஒரு பண்ணைக்கீரையைப் பிடுங்காமல் விட்டு, பக்கத்தில் ஒரு கல்லை நட்டாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் அதைக் குனிந்து பார்க்க வேண்டும். இலை எப்போது நீண்டது, தண்டில் எப்போது வரி விழுந்தது, கதிர் எப்போது தலைகாட்டியது, விதை கறுத்து எப்போது கொட்டியது என்று கேட்பாள். மறு வருஷம் அதன் விதைகளிலிருந்து முளைத்த குஞ்சுகளை நானே காட்டினேன். அந்த ஒரு செடி மட்டும் எனக்கு முழுசாகத் தெரியும் என்று அன்றைக்குத் தோன்றிய தெம்பு, பிறகு படித்த எந்தப் பாடத்திலும் வரவில்லை.

தொய்யக்கீரையும் குமுட்டியும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கைவசமாயின. சாரணத்தியைக் கொழுந்தாக மட்டும் எடுப்போம்; வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, நாலு பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தால், கம்மஞ்சோறு எவ்வளவு இருந்தாலும் இறங்கும். பிரண்டைக்குக் கணு விட்டுக் கணு ஒடிகிற கொழுந்துதான் பதம். நல்லெண்ணெய் தடவாத கையோடு அதை உரித்தால் ராத்திரி வரைக்கும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அதலக்காயைச் சொல்லாமல் கரிசலைப் பற்றிப் பேசக் கூடாது. யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்காகக் கோடையெல்லாம் கிடந்து, மழை ஈரம் பட்டதும் கொடியாகத் தலைதூக்கும். பாகற்காய்க்குத் தங்கச்சி முறை. சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது, ஆனால் கசப்பில் அக்காளுக்குச் சளைத்ததில்லை. காம்பையும் வாலையும் கிள்ளி, புளி விட்டுச் சுண்ட வதக்குவார்கள். பறித்த காயை இரண்டு நாள் வைத்தால் தானாக வெடித்து விதையைத் துப்பிவிடும். அதனால் இது வெகுதூரச் சந்தைக்குப் போவதில்லை. சாத்தூர், கோவில்பட்டி, விருதுநகரோடு சரி. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் காயின் பெயரே தெரியாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பறிக்கக் கற்ற அளவுக்கு விலகவும் கற்றோம். வேலியில் கார்த்திகை வாக்கில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்தாற்போலப் பூக்கிற கண்வலிக்கிழங்குச் செடி, அதாவது செங்காந்தள், நமது மாநில மலர். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும். அந்தச் சுருளைப் பார்த்தால் பூ இல்லாத நாளிலும் கண்டுபிடித்துவிடலாம். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் கொல்லும் நஞ்சு. அதே கொல்சிசினுக்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்து விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். குன்றிமணியைப் பல்லாங்குழிக்குப் பொறுக்கலாம், பல்லில் வைக்கக் கூடாது. அப்பத்தா இந்த வகையறாவை ஏசியதில்லை. "அது அது பாட்டுக்கு இருக்கு. நீ ஒம் பாட்டுக்குப் போ" என்பாள்.

நெருப்பும் தண்ணியும் ஆட்டுக்காரத் தாத்தாவின் பாடம். விடுமுறையில் அவர் பின்னால் நானும் சித்தப்பா மக்களும் திரிவோம். தோளில் தொரட்டி, கையில் தூக்குவாளி, மழை வந்தால் தலையில் சாக்கை மடித்த கொங்காணி. அவ்வளவுதான் அவருடைய தளவாடம். ஊரில் பாதிப்பேர் தீப்பெட்டியாபீசுக்கு வேலைக்குப் போகிற சீமை அது. ஆனாலும் அடைமழைக் காலத்தில் குச்சி நமத்துப்போய் உரச உரச மருந்துதான் உதிரும். பெட்டியை உருமாலுக்குள் செருகி வைத்திருப்பார். ஒரு குச்சிக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதற்காக முதலில் அரை மணி நேரம் விறகு சேர்க்க வைப்பார். தரையில் கிடப்பதைத் தொடாதே, மரத்தில் பட்டுப்போய் நிற்கிற சுள்ளியை எடு. ஒடித்தால் சத்தம் வர வேண்டும், வளைந்தால் அது விறகில்லை. பற்றவைக்கப் பனையின் பன்னாடை. மட்டைக்கடியில் சல்லடையாகப் பின்னியிருக்கும் அதன் உட்பக்கம் மழையிலும் காய்ந்திருக்கும். அதைக் கசக்கி உருண்டையாக்கி, மேலே ஈர்க்குச்சி, அதற்கு மேல் விரல் பருமன், கடைசியில்தான் கருவேலங்கட்டை. கனலில் பனங்கிழங்கோ கம்பங்கதிரோ சுட்டுத் தின்று முடிந்ததும், மண்ணை அள்ளிப் போட்டு, புறங்கையை மேலே வைத்துப் பார்த்து, சூடு அடங்கியபின்தான் நகர விடுவார்.

வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் கலங்கல்தான் வரும். அதை இறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பனங்குருத்தில் பட்டை பிடித்து, தெளிந்ததை மோந்து குடிப்போம். வீட்டில் குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அப்பத்தா தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் வண்டல் அடியில் படியும். தெளிவது வேறு, கிருமி சாவது வேறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்; இன்று நான் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை.

சூரை, காரை, இலந்தை எல்லாம் நடக்கும்போதே வாய்க்குள் போய்விடும். கள்ளிப்பழத்துக்குத்தான் சடங்கு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தென்னாட்டில் புதராக மண்டி நிலத்தை விழுங்கியபோது, 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டு அதை அடக்கினார்கள். அந்தப் பூச்சிக்குத் தப்பியது எங்கள் ஓடைக்கரையில் இருந்தது. தாத்தா தொரட்டியால் பழத்தைத் தட்டிவிடுவார். கையால் தொடக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத சுணை விரலில் ஏறினால் எடுக்க முடியாது. மணலில் போட்டுச் செருப்புக்காலால் உருட்டி, தீயில் ஒரு வாட்டு வாட்டி, கத்தியால் பிளந்து, உள்ளே உச்சியில் இருக்கிற முள்ளை நெம்பி எறிந்துவிட்டுத் தருவார். நாக்கு, உதடு, சட்டை எல்லாம் ரத்தச் சிவப்பு. ஒரு புதரிலும் பழம் முழுவதையும் அவர் தட்டியதில்லை. "குருவி தொரட்டி வச்சிருக்கா?" என்பார்.

இப்போது அண்ணன் மகள் சென்னையிலிருந்து, "அத்தை, எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறாள். விலையுயர்ந்த கத்தி ஒன்று வாங்கியிருக்கிறாள்; கூடாரம் கட்டுகிற வீடியோக்கள் பார்க்கிறாள். கத்தி கடைசியில் வர வேண்டிய சாமான் என்பது என் கட்சி. வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் மூக்கிரட்டையும் சாரணையும் நிற்கின்றன, அவற்றைத் தினமும் பார், ஆனால் சாக்கடை ஓரத்துக் கீரையைச் சமைக்காதே என்றேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்குப் போடுவார்கள் என்றும் சொன்னேன். ஊருக்கு வந்தாலும் பழைய மாதிரி கண்ட புஞ்சையில் மடி நிரப்ப முடியாது. களைக்கு ஆள் கிடைக்காமல் பாதிப்பேர் மருந்து அடிக்கிறார்கள். புஞ்சைக்காரரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. சாரணையை விதை கொட்டும் வரைக்கும் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறாள். அடுத்ததாகக் காளானுக்கு வந்து நிற்கிறாள். வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் தெரிந்துவிடுமாமே என்று கேட்டாள். தெரியாது, அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. அப்பத்தாவே புற்றுக்காளானை எங்கள் கையால் பறிக்க விட்டதில்லை. அவளோடு போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதையே சொன்னேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.