காத்திருக்கத் தெரியாத கேமரா

மே 3, தஞ்சாவூர்

மாலை ஐந்துக்கே முருகன் சன்னதிப் பக்கம், வடமேற்கு மூலையில் முக்காலியை ஊன்றிவிட்டேன். அனுமதிக் கடிதம் சட்டைப்பையில். சித்திரைச் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி இறங்கும். பெரிய கோயில் விமானத்தின் மேற்கு முகமும் வடக்கு முகமும் சேர்ந்து சிவக்கும். கல்தரை உள்ளங்காலைப் பொரித்தது.

மேகம் வந்து மறைத்துக்கொண்டது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி முக்கால் மணி நேரம். எடுத்தது ஆறே படம். பேட்டரி பாதிக்குக் கீழே. என் புதுக் கேமரா மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி கிடையாது. அதில் சும்மா பார்ப்பதற்கே சென்சாரும் குட்டித் திரையும் எரிய வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே கண்ணுக்கு ஏற்றிவிடும், கரண்ட் செலவில்லை. கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்கில், ஒரு சார்ஜுக்கு டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி850 1,840 படம், மிரர்லெஸ்ஸான கேனன் இஓஎஸ் ஆர் 370. அதுவும் எடுத்த படத்துக்கான கணக்கு. காத்திருந்த நேரத்தை யார் எண்ணுகிறார்கள்? கோயில் படம் என்பது முக்கால்வாசி காத்திருப்புதான்.

மே 4

காலையில் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். 216 அடி விமானத்துக்குக் கேமராவை அண்ணாத்தினால் பதின்மூன்று நிலையும் பின்னுக்குச் சாயும். அதனால் கேமராவை மட்டமாக வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவேன். இந்த 17 மி.மீ. லென்ஸ் 2009-ல் வந்தது, கண்ணாடி வைத்த கேமராவுக்குச் செய்தது. பழைய உடலில் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ.; புதியதில் 20. மிச்சம் பிடித்த அந்த 24 மி.மீ.யை அடாப்டர் வந்து திரும்ப நிரப்பிவிடுகிறது! இதற்கா உடலை இளைக்க வைத்தார்கள்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலசத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்தபோது, பழைய கேமராவின் வியூஃபைண்டரில் இந்த வேலை எத்தனை குருட்டாம்போக்கு என்று தெரிந்தது.

மே 5, கங்கைகொண்ட சோழபுரம்

உச்சி வெயில். சண்டேசானுக்கிரக மூர்த்தி சிற்பம் நிழலில் இருந்தது. வெறுங்கண்ணால் பார்த்தால், சண்டேசரின் தலையில் சிவன் சுற்றும் கொன்றை மாலையின் மடிப்பு வரை தெரிகிறது. வியூஃபைண்டரில் அந்த இடம் கரிக்கட்டை. அதில் தெரிவது சிற்பம் அல்ல, கேமரா சமைத்துக் காட்டும் படம். ரா ஃபைலில் நிழலுக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நின்று பார்க்கிற நேரத்தில்தான் இல்லை. கேமராவை இறக்கிவிட்டு வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

புல்வெளியில் லென்ஸ் மாற்றியபோது காற்றடித்தது. முதுகைத் திருப்பிக் குனிந்துகொண்டேன்.

மே 6

குனிந்தது பலிக்கவில்லை. எஃப்/11-ல் எடுத்த வானமெங்கும் தூசிப் புள்ளி. ஒரு படத்தில் பதினான்கு எண்ணினேன். லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வீடு. அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் கேமராக்கள் இருக்கின்றன, என்னுடையது மூடாது. முன்பு அந்த வாசலில் கண்ணாடி திரைச்சீலையாக நின்றது. எடை குறைவென்று நான்தான் கண்ணாடியை விரட்டினேன், அதற்குப் பதில் நான்கு பேட்டரி சுமக்கிறேன்.

மே 7, தஞ்சாவூர்

அதே மூலை. பழைய டிஎஸ்எல்ஆர். இன்றும் மேகம். ஒன்றரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு நிமிடம் கல் சிவந்தது.

காவலாளி அருகில் வந்தார். “என்ன சார், அன்னிக்குக் கொண்டு வந்த புதுக் கேமரா எங்க?”

“ரூம்ல சார்ஜ் ஏறிட்டிருக்குண்ணே.”