மூச்சுத் திணறிக் கரைக்கு வந்தவை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொபைல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது டாஃப்னி. தன்னை ‘ஜூபிலி நகரம்’ என்று அழைத்துக்கொள்ளும் சிற்றூர். கோடையில் அங்கே தங்கப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது, நடுராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் எரிச்சல்படாதீர்கள் என்பதுதான்.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கு முந்தின நாளே சந்தேகம். வானம் மூடிக் கிடந்தது, மெல்லிய கிழக்குக் காற்று, விடிவதற்குள் கடல் ஏற்றம் வரும் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். விடியலுக்கு முன் கதவு தட்டப்பட்டது. “ஜூபிலி! டார்ச்சை எடுத்துக்கிட்டு வா.”

கணுக்கால் ஆழத் தண்ணீரில் வெளிச்சம் அடித்தேன். நம்மூர் நாக்குமீன்போல் தட்டையான ஃப்ளவுண்டர் மீன்கள், சுட்ட தோசைகளை அடுக்கினாற்போல் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நீல நண்டுகள் படகுத்துறையின் மரக்கால்களில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தன. இறால்கள் மொய்த்தன, திருக்கைகள் அசையாமல் கிடந்தன. விலாங்குகள்தான் என்னை உலுக்கின: ஈரமணலில் வாலைப் புதைத்து, தலையை வெளியே நீட்டி, வாயைத் திறந்துவைத்திருந்தன. ஒரு ஃப்ளவுண்டரின் முதுகைத் தொட்டேன். சாண் தூரம் நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது.

இப்படிக் கூட்டமாகக் கரை ஒதுங்குவதைத்தான் ஜூபிலி என்கிறார்கள். எதுவும் செத்திருக்கவில்லை என்பதுதான் விசேஷம். விரிகுடாவின் சராசரி ஆழம் 3 மீட்டர்தான். ஆனால் வடக்கேயிருந்து ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே மிதக்க, கடலிலிருந்து வரும் உப்புநீர் கனத்துக் கீழே தங்குகிறது. பலத்த காற்று இல்லாத கோடையில் இரண்டும் கலப்பதில்லை. தரையில் மட்கும் இலைதழையையும் இறந்த பாசியையும் தின்னும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இரவில் பாசிகளும் ஆக்சிஜன் தருவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குத் திண்டாட்டம்தான். கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, அந்த இடத்துக்கு அடிநீர் ஏறி வருகிறது. ஏற்றமும் அதைத் தள்ளுகிறது. தரைவாழ் உயிர்கள் அதற்கு முன்னால் ஓடி ஓடிக் கடைசியில் கரையில் முட்டி நிற்கின்றன. தலைக்கு மேலேயே நல்ல நீர் இருக்கிறது. ஆனால் தரையை ஒட்டியே வாழ்ந்த பிராணிகள் தப்புவதற்கும் தரையோடுதான் ஓடுகின்றன. 1960-இல் ‘எக்காலஜி’ இதழில் இதைப் பற்றி எழுதிய ஹெரால்ட் லோஷும், அடித்தரை மீன்களும் நண்டு, இறால் இனங்களும் கூட்டமாகக் கரைக்கு வருவது என்றுதான் தலைப்பிலேயே குறித்தார்.

மேற்கே லூசியானா கடலில் நடப்பது வேறு கதை. மிசிசிப்பி ஆறு அடித்துவரும் வயல் உரத்தால் அங்கே கோடைதோறும் கடலடி மூச்சிழக்கிறது. 2017-இல் அந்தப் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் பெரும்பகுதியில் ஓடிப்போய் ஒதுங்கக் கரை பக்கத்தில் இல்லை. ஜூபிலியோ ரசாயன உரம் பரவலாவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது.

டாஃப்னிக் கரையில் அதற்குள் பாதித் தெரு இரவு உடையோடு தண்ணீரில் இறங்கியிருந்தது. ஈட்டி, வாளி, துணி துவைக்கும் தொட்டி. திணறும் மீனைக் குத்த எனக்குக் கை வரவில்லை. ஆனால் மற்றவர்களைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. உயிரோடு வந்த மீன், கெட்டுப்போன மீன் அல்ல. சூரியன் ஏறிக் காற்று மாறியதும், வாளிக்குத் தப்பியவை ஒவ்வொன்றாக ஆழத்துக்குத் திரும்பின.

காலையில் ஃப்ளவுண்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மாளிடம், சிப்பிகள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அதுக்கு ஏது ஓட்டம்?” என்றார். இந்த விரிகுடாவில் சிப்பித் திட்டுகள் உண்டு. அடிநீர் கெட்டால் சிப்பி ஓட்டை இறுக மூடி, உடலின் வேகத்தைக் குறைத்து, ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்சம் சக்தி தயாரித்துக்கொண்டு சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். சேற்றுப் புழுக்கள் வளையைவிட்டு வெளியேறிச் சேற்றின்மேல் நீட்டிக் கிடக்கும். அடிநீர் அதற்குள் கலக்காவிட்டால் இரண்டும் அங்கேயே சாகும். அதைப் பார்க்க யாரும் டார்ச்சோடு போவதில்லை.