பின்வளவு மேப்பிள்

ஏப்ரல் 27, ஸ்காபரோ

மண் இளகிவிட்டது. சுகர் மேப்பிள் கன்று வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் நிற்பவை பெரும்பாலும் நோர்வே மேப்பிள். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். சுகர் மேப்பிளில் தெளிந்த நீர்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிள் காடுகளுக்குள் பரவி, தன் அடர்நிழலால் இந்த மண்ணின் கன்றுகளை எழும்பவிடுவதில்லை. ஒன்ராறியோவின் சொந்த மரத்தைத்தான் வைப்பது என்று உறுதியாக இருந்தேன்.

முன்பக்கம் சரிவராது. பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பை சுகர் மேப்பிள் தாங்காது. பின்வளவின் தென்மேற்கு மூலைதான் இடம். கோடையின் பின்னேர வெயிலை மறைக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெயிலை யன்னலுக்கு விட்டுக்கொடுக்கும்.

மே 3

மாமா யாழ்ப்பாணத்தில் தென்னை வைத்து வளர்த்தவர். கிடங்கைப் பார்த்ததும், "தென்னைக்கு மூண்டடி கிண்டுவம். இதென்ன தம்பி, மேலோட்டமாய்?" என்றார்.

மேப்பிளின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை. ஆழப் புதைத்தால் காற்றில்லாமல் நலிந்துபோகும். ஆகவே கிடங்கின் ஆழம் வேர்க்கட்டியின் உயரமே. அகலம் மட்டும் வேர்க்கட்டியின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அடிமரம் விரிந்து வேராகும் இடம் வெளியே தெரிய வேண்டும். சட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்த வேர்களை மாமாவே வெட்டிவிட்டார். விட்டால் பின்னாளில் அவையே அடிமரத்தை நெரிக்கும். மேலே மரச்சீவல் பரப்பினோம், அடிமரத்தில் படாமல்.

ஜூலை 19

மழையில்லை. இலை விளிம்புகள் கருகத் தொடங்குமுன் குழாயை மெல்லத் திறந்து, நீர் ஆழமாக ஊறும்வரை விட்டேன். இலையுதிர்கால நிறம் ஓரளவு இந்த வெக்கையிலேயே தீர்மானமாகிறது. தாகத்தில் வாடிய மரம் முந்திப் பழுத்துக் கொட்டிவிடும்.

ஒக்டோபர் 14

வடக்கே அல்கொன்குவின் காட்டில் மேப்பிள் கொட்டி முடிந்திருக்கும். இங்கே இப்போதுதான் உச்சம். கன்றில் இலை கொஞ்சம்தான், ஆனாலும் நுனிகள் செம்மஞ்சளாய் எரிகின்றன!

பகல் சுருங்க, பச்சையம் சிதைகிறது. மஞ்சள் புதிதல்ல, வேனில் முழுக்கப் பச்சைக்குப் பின்னால் இருந்ததுதான். சிவப்பு அப்படியில்லை. காம்பின் அடி மெல்ல அடைபட, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து மரம் அதைப் புதிதாக ஆக்குகிறது. அதற்கு வெயிலடிக்கும் பகலும், உறையாத குளிர் இரவும் வேண்டும். மஞ்சள் எந்த ஆண்டும் வரும். சிவப்பு வானிலையைப் பொறுத்தது. அதனால்தான் அதற்கு இவ்வளவு ஏங்குகிறேன்.

நவம்பர் 9

விழுந்த இலைகளைப் பையில் கட்டி வெளியே வைக்க மனமில்லை. புல்வெட்டியை மேலே ஓட்டிப் பொடியாக்கிப் புல்லுக்கே விட்டேன். நிலம் உறையும்வரை தண்ணீர் தொடர வேண்டும். நாளை அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டவேண்டும். பனிக்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்கும். குவிந்த பனிமேல் ஏறி நின்று கடிக்கும் என்பதால் வலை உயரமாகவே இருக்கட்டும்.