மொட்டை மாடியில் ஒரு கணக்குப்பிள்ளை

மயிலாப்பூர்க்காரர்களுக்கு மொட்டை மாடி என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. வடாம் இடவும், வற்றல் காயவும், துணி உலர்த்தவும், மாலையில் பெரியவர்கள் காற்று வாங்கவும் இருப்பது அந்த ஒரு இடம்தான். அதில் 300 சதுர அடியைத் தூக்கி சோலாருக்குக் கொடு என்றால் எந்தக் குடும்பத் தலைவிதான் உடனே சரி என்பாள்? என் கணவர் ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை.

அசைத்தது மின்சார பில்தான். கோடையில் இரண்டு அறையில் ஏ.சி. ஓடினால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? முன்னால் உள்ள யூனிட்டுகளிலும் சிலவற்றுக்கு ரேட் மாறிவிடுகிறதே! 2024 பிப்ரவரியில் மத்திய அரசு சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கி, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று சொன்னதும், சரி, ஆகட்டும் என்றேன். ஒரே நிபந்தனை, பானல்களை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டும். அந்த ஆவணியிலேயே ஆறு பானல்கள் ஏறின. இப்போது அடியில் துணி காய்கிறது.

சகோதரிகளே, பானலைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதோடு வரும் குட்டிக் கருவியைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. இன்வெர்ட்டரின் அடியில் கட்டை விரல் அளவில் ஒன்று செருகியிருக்கும். வீட்டு வைஃபை வழியாக, எத்தனை யூனிட் உற்பத்தி என்று சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் அது தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். செல்போனில் கோடு கோடாகப் பார்க்கலாம். நல்ல நாளில் எங்களுக்கு 12 யூனிட் வரும். காலையில் கோடு மெல்ல ஏறி, உச்சி வேளையில் குன்று மாதிரி நின்று, சாயங்காலம் இறங்கிவிடும். குன்று உயரமாக இருக்கும் நேரத்தில் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

கத்திரி வெயிலில்தான் கொட்டோ கொட்டு என்று கொட்டும் என்று எதிர்பார்த்தோம். அப்படி இல்லை. பானல் சூடேறினால் அதன் திறன் குறையுமாம். மாசி, பங்குனியில் வந்த அளவு கத்திரியில் வரவில்லை.

கருவி கணக்கு எழுதுவதோடு நிற்பதில்லை. இன்றைய வானிலைக்கு இவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று ஏ.ஐ. ஒரு பக்கம் போட்டுப் பார்க்கும். குறைந்தால் செய்தி அனுப்பும். கோயம்புத்தூரில் படிக்கும் என் பிள்ளை ஹாஸ்டலில் இருந்து, "அம்மா, பானல் துடைச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்கிறான்! தன் ரூமை என்றைக்காவது பெருக்கியிருப்பானா?

பெரிய இடங்களிலும் இதே வேலைதான். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பானல்கள். தூசி துடைப்பது ரோபோக்கள். அப்படிப்பட்ட நிலையங்கள் நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தருவோம் என்பதை, ஒரு நாளை 96 கால் மணி நேரங்களாகப் பிரித்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களைப் பார்த்து ஊகித்துச் சொல்வதற்கு அங்கேயும் ஏ.ஐ. வந்துவிட்டது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று சக்தி நிறுவனம், பெயரில் காற்று இருந்தாலும், நாடு முழுக்க வெயிலையும் அளக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் மார்கழியில் ஒரு சிக்கல் வந்தது. தினமும் பத்தரை மணிக்கு மேல் குன்றில் ஒரு பள்ளம். ஒரு மணிக்குச் சரியாகிவிடும். 'எதிர்பார்த்ததை விடக் குறைவு' என்று செல்போன் சொல்லிக்கொண்டே இருந்தது. பானல் போட்டவர்கள், அழுக்காக இருக்கும், கழுவுங்கள் என்றார்கள். கழுவினோம். பள்ளம் அப்படியே இருந்தது.

கண்டுபிடித்தவர் என் மாமியார். "மார்கழி, தையில சூரியன் தெக்கால சாஞ்சுதானேம்மா போவார்? பத்து மணிக்கு மேல அடுத்த வீட்டு வேப்ப மர நிழல் இங்கதான் விழும். அதனாலதான் உப்பு நார்த்தங்காயை இந்தப் பக்கம் நான் காய வைக்கறதே இல்லை" என்றார். மேலே போய்ப் பார்த்தால் இரண்டு பானல்கள் மேல் நிழல். ஆவணியில் சூரியன் தலைக்கு நேரே இருந்ததால், இடம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. பானல்களைச் சர விளக்கு மாதிரி ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் கூட இருப்பவையும் இளைத்துவிடும்.

"மரத்தைக் கழிச்சுடுங்க சார்" என்றார் வந்தவர். நாளைக்கு 3 யூனிட் நஷ்டம், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் என்று என் கணவரும் கணக்குப் போட்டார். பக்கத்து வீட்டு மாமி தனியாக இருப்பவர். கேட்டால் மனசில்லாமலாவது சரி என்று சொல்லிவிடுவார். அதனாலேயே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதோடு, அந்த வேம்பின் நிழலில்தான் மே மாதத்திலும் எங்கள் தெற்கு அறையில் ஏ.சி. இல்லாமல் படுக்க முடிகிறது. அது மிச்சம் பிடிக்கும் யூனிட்டை எந்தக் கருவி எழுதுகிறது? நிழல் விழும் இரண்டு பானல்களையும் மாடிப்படி அறைக்கு மேலே மாற்றினோம். கம்பிக்கும் கூலிக்கும் செலவானது உண்மைதான். போன மார்கழியில் பள்ளம் இல்லை.

போடப்போகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி இல்லாத அமைப்பில், தெருவில் கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் வீட்டில் கரண்ட் வராது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இன்னொன்று, செல்போனில் கணக்கு யார் பெயரில், யார் மெயிலில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் பானல் போட்டவரே தன் பெயரில் திறந்து வைத்துக்கொள்கிறார். உங்கள் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் நீங்களே வையுங்கள். இன்வெர்ட்டர் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதெல்லாம் வெளி ஆளுக்கு எதற்கு?

ராத்திரி படுக்கப் போகும்போது மாமியார் வைஃபை பெட்டியை அணைத்துவிடுவார். காலையில் போட மறந்தால் அன்றைக்குக் கோடு பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும். ஹாஸ்டலில் இருந்து போன் வந்துவிடும்.